மெல்லிசைத் தொகுப்பின் மாண்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நம்மைப் பேசுமாறு பணித்துவிட்டார்கள். நாமோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போயிற்று என்று பேரேட்டில் எழுதி நாளைக் கழிப்பவர். ஆகவே நூற்கடலில் இறங்கத் துணியாமல், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச இசைவு பெற்றோம். அப்பொருள் மெல்லிசைப் பாடல்களின் தொகுப்பு ஒன்று. ‘பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு, அதைப் பற்றி ஆண்டு விழாவில் பேசுவானேன்?’ என்று எவரேனும் ஐயுறலாம். நம் பேச்சு முடிவதற்குள் அவ்வையம் நீங்குமாயின் மகிழ்வோம்.

நம் தந்தையார் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஜோலார்ப்பேட்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, வேலை மாற்றலாகி இந்நகருக்கு வந்தவர். ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டில். அன்றுதொட்டு அப்பாதை வழியே வந்து இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பற்பல. நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

தந்தையாருக்கு ஓர் ஆங்கிலோ இந்திய நண்பர் இருந்தார். சரக்கு வண்டியில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காக்ஸ் டவுனில் ஓட்டுவீட்டில் வாழ்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குச் சென்று திரும்பியதும் அவர் வீட்டில் ஓர் இசைத்தட்டுச் சுழலும். எந்த ஞாயிறு போனாலும் அதே தட்டுத்தான். அதன் உறையின்மேல் ஒரு கழுகின் மண்டையோடு வரையப்பட்டிருக்கும். சிறுவராய் இருந்த நாம் அப்படத்தைக் கண்டு அஞ்சினோம்; பாட்டைக் கேட்டு அஞ்சவில்லை. பொருள் விளங்காத அந்த ஆங்கிலப் பாட்டில், நெடுந்தொலைவு நடந்து களைத்தவன் ஒருவன் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற அமைதி இருந்தது.

பின்னாளில் அத்தட்டின் வரலாற்றைத் தெரிந்துகொண்டோம். ‘ஈகிள்ஸ்’ என்பது 1971இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய இசைக்குழு. கிதார் நரம்பும் இணைந்த குரல்களும் அவர்கள் இசையின் உயிர்நாடி. ‘சாஃப்ட் ராக்’ என்று மேலைநாட்டார் வழங்கும் மென்மையான இசைவகையில் அவர்களை முன்னிறுத்துவர். அவர்கள் முதலில் வெளியிட்ட நான்கு தட்டுகளிலிருந்து 10 பாடல்களை மட்டும் பொறுக்கி, 1976 பிப்ரவரியில் இசைத்தட்டு நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதே ஆண்டில்தான், பத்து இலட்சம் தட்டுகள் விற்றதற்கு அடையாளமாகப் ‘பிளாட்டினம்’ என்னும் சான்றை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஏற்படுத்தியிருந்தது. அச்சான்றை முதன்முதல் பெற்ற நெடுந்தட்டு இத்தொகுப்பே. 2018 ஆகஸ்டில் அதே சங்கம் கணக்கிட்டபோது அது 38 மடங்கு பிளாட்டினமாய் உயர்ந்து நின்றது; அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 இலட்சம் என்பது அதன் பொருள். மைக்கேல் ஜாக்சனின் புகழ்பெற்ற ‘திரில்லர்’ தட்டையும் அது அன்று முந்திச் சென்றது.

இதில் வியப்பு யாதெனின், இத்தொகுப்பில் புதிய பாடல் ஒன்றேனும் இல்லை. பத்தும் முன்னரே வெளிவந்தவை. பழைய சரக்கைப் புதிய பெட்டியில் இட்டால் பெட்டிக்கு மட்டுமே புதுவிலை கிடைக்கும் என்பது நம் பார்சல் அலுவலக நியாயம். ஈண்டு அந்த நியாயம் பொய்த்தது. ஏன் பொய்த்தது? இதுவே இன்று நம்முன் நிற்கும் வினா.

விடை தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் இல்லத்திலேயே அத்தகைய தொகுப்பு ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டில் தந்தையார் சிவாஜி நகரில் ஒரு கடைக்குச் சென்று, தாம் விரும்பிய பாடல்களை எழுதிக் கொடுத்து, ஒலிநாடா ஒன்றில் பதிந்து வாங்கி வந்தார். அந்நாளில் இவ்வழக்கம் ஊரெங்கும் இருந்தது. நாற்பதைக் கடந்தவர்கள் இங்கே தலையசைப்பதைக் காண்கிறோம்! இசைக்கு உரிமையுடையோரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அது முறையன்று என்பதை இன்று அறிவோம். அன்று நாம் அறிந்தது, ஒரு வார ஓவர்டைம் பணம் ஒரு சிறு பேழையாக வீட்டுக்கு வந்தது என்பது மட்டுமே.

அந்நாடாவில் இருந்த பாடல்கள் அனைத்தும் விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்தவை. ஒருவர் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர், ஆர்மோனியத்தில் வல்லவர். மற்றவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், வயலினில் வல்லவர். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் 1952இல் இளமையிலேயே மறைந்தபோது, அவரிடம் பணியாற்றிய இவ்விருவரும் அவர் விட்டுச்சென்ற பணியை முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டு வெளிவந்த ‘பணம்’ தொடங்கி 1965இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இருவரும் இணைந்தே இசையமைத்தனர். ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை என்றால் அவர்தம் உழைப்பை என்னென்பது! அக்கார்டியனும் பாங்கோசும் கிதாரும் பியானோவும் அவர்கள் கையில் தமிழ் பேசின. ஆயினும் கருவி ஓங்கிச் சொல் தாழ்ந்தது என்று கூறுவதற்கு இடமில்லை. கண்ணதாசனின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்ச் செவியில் விழுந்தது. 1963இல் சென்னை திருவல்லிக்கேணியில் நிகழ்ந்த பாராட்டு விழாவில் நடிகர் சிவாஜி கணேசன் இவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டத்தை வழங்கினார். மேலைநாட்டார் ‘சாஃப்ட்’ என்று சொல்வதை நாம் ‘மெல்லிசை’ என்ற சொல்லால் முன்னரே பட்டமாகச் சூட்டிவிட்டோம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கார்டு வீட்டுத் தட்டுக்கும் நம் வீட்டு நாடாவுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. ஈகிள்ஸ் குழுவினர் 1980இல் பிரிந்து 1994இல் மீண்டும் கூடினர். நம் இரட்டையர் 1965இல் பிரிந்து, 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ என்னும் படத்திற்காக மீண்டும் கூடினர். மனிதர்கள் பிரிந்திருந்த காலம் முழுவதும் தொகுப்பில் அவர்கள் பிரியாமல் இருந்தனர். கலைஞரின் பிணக்குக் கலையைத் தீண்டவில்லை.

அன்பர்களே! தொகுப்பு என்பது தமிழர்க்குப் புதிதன்று. நம் பழம்பெரும் செல்வத்திற்கே ‘எட்டுத்தொகை’ என்றுதானே பெயர்? பல காலத்தில், பல ஊரில், பல புலவர் பாடிய பாடல்களை ஒருவர் அமர்ந்து தேர்ந்து அடுக்கினார். நான்கு அடி முதல் எட்டு அடி வரையுள்ள பாடல்கள் குறுந்தொகை ஆயின. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. அளவு பார்த்து அடுக்கும் வேலை நம்மைப் போன்ற எழுத்தர்க்கு நன்கு விளங்கும் வேலை! குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பெயர் குறித்து வைத்தனர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியவனை மட்டுமன்றித் தொகுத்தவனையும், தொகுக்கச் செய்தவனையும் மறவாமல் போற்றிய மரபு நம்முடையது. இன்னும் கேளுங்கள். குறுந்தொகைப் புலவர் சிலருடைய இயற்பெயர் மறைந்துவிட்டது. அவரவர் பாடலில் உள்ள அழகிய தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அவர்களை வழங்குகிறோம். எழுதியவர் யார் என்று அறியாமல் பாட்டின் ஒரு சொல்லை மட்டும் நினைவில் கொண்டு, ‘அந்தப் பாட்டை வை’ என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பதும் அவ்வகைத்தே அன்றோ?

இங்கேதான் நம் வினாவுக்கு விடை இருக்கிறது என்று கருதுகிறோம். அகப்பாடலில் தலைவன் பெயரோ தலைவி பெயரோ சொல்லலாகாது என்பது தமிழ் மரபு. பெயர் வந்தால் அது அவனுடைய கதை ஆகிவிடும். பெயர் இல்லையேல் கேட்போர் ஒவ்வொருவருடைய கதையும் ஆகும். திரைப்பாடல் பிறக்கும்போது பெயரோடு பிறக்கிறது. அதற்குக் கதை உண்டு, நடிகர் உண்டு, முன்காட்சி, பின்காட்சி உண்டு. தொகுப்பில் சேரும்போது அவையெல்லாம் உதிர்கின்றன. எஞ்சுவது உணர்வு ஒன்றே. புறமாய்ப் பிறந்த பாட்டு அகமாய் மாறிவிடுகிறது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தைக் காணாதவரும் அதன் பாட்டைக் கேட்டுத் தம் வீட்டு நோயாளியை நினைக்கிறார். ‘சுமைதாங்கி’யின் கதை அறியாதவரும் அதன் பாட்டில் ஆறுதல் பெறுகிறார்.

ஈகிள்ஸ் குழுவினர்க்கு இது குறித்து மனக்குறை இருந்தது. 1973இல் அவர்கள் வெளியிட்ட ‘டெஸ்பராடோ’ என்னும் தட்டு, பழங்காலக் கொள்ளைக் கூட்டத்தாரின் வாழ்வைத் தொடர்ந்து பாடும் ஒரே கதைபோன்றது. அதிலிருந்து இரண்டு பாடல்களைப் பிய்த்தெடுத்துத் தொகுப்பில் இட்டது தகுமா என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் காக்ஸ் டவுன் கார்டு கொள்ளையர் கதையை அறியார். நள்ளிரவில் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கைவிளக்கோடு தனித்திருந்த தம் இரவுகளை மட்டுமே அவர் அறிவார். அப்பாட்டு அவர்க்கு அந்த இரவுகளின் பாட்டாயிற்று. பிய்த்தெடுத்ததனால்தான் ஆயிற்று.

இனித் தொகுத்தலின் அருமையைச் சற்று நோக்குவோம். பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாக அடங்கும். ஒரு பாட்டோடு சரி. 1948இல் நெடுந்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் அடங்கிற்று. அதன் பின்னரே தொகுப்பு என்னும் எண்ணம் இசைத்தட்டில் கால்கொண்டது. 1963இல், நம் இரட்டையர் பட்டம் பெற்ற அதே ஆண்டில், பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தனர். அது வந்தபின் தொகுக்கும் உரிமை நிறுவனத்தின் கையிலிருந்து குடும்பத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன் நாம் விரும்பும் பாட்டு, வானொலி விரும்பும்போதுதான் வரும். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடலைக் குறைத்தபோது நாட்டார் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றியபின்தான் அத்தாகம் தணிந்தது. நாடா வந்தபின் ஏழைத் தொழிலாளியும் தன் வீட்டுக்குத் தானே பூரிக்கோ ஆகலாம் என்ற நிலை பிறந்தது.

தந்தையார் முதலில் எழுதிய பட்டியலில் 31 பாடல்கள் இருந்தன. கடைக்காரர், ‘90 நிமிட நாடாவில் பக்கத்திற்குப் பன்னிரண்டு வீதம் 24 பாட்டுத்தான் பிடிக்கும், ஏழை அடித்துக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பிய தந்தையார் மூன்று இரவுகள் சிவப்புப் பென்சிலோடு அமர்ந்திருந்தார். சேர்ப்பது எளிது, நீக்குவதே அரிது! புகைவண்டி ஓட்டுநர் கதையாகிய ‘பச்சை விளக்கு’ப் பாட்டை நீக்க அவர்க்கு மனம் வரவில்லை, ரயில்வேக்காரர் அல்லவா? ‘காதலிக்க நேரமில்லை’யில் இருந்து மூன்று எழுதியிருந்தார், ஒன்றை அடித்தார். ‘பாசமலர்’ப் பாட்டு ஒன்றையும் அடித்தார்.

அதை அடித்ததற்குக் காரணம் உண்டு. நம் தாயாரின் தமையனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாய் இருந்து, நெஞ்சு நோயால் இளமையிலேயே காலமானவர். அண்ணன் தங்கை பாசத்தைப் பேசும் அப்படத்தின் பாட்டைக் கேட்டால் தாயார் அழுவார். ஆகவே தந்தையார் அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்தார். மறுநாள் காலை தாயார் பட்டியலைப் பார்த்தார். ‘அழுதால் நான்தானே அழப்போகிறேன், உங்களுக்கென்ன?’ என்றார். தந்தையார் வாய் திறக்கவில்லை. நான்காம் வகுப்பு வரை படித்த தாயார், அந்தச் சிவப்புக் கோட்டின் அருகே தம் கையாலேயே ‘இது இருக்கட்டும்’ என்று எழுதினார். அதற்கு ஈடாக நகைச்சுவைப் பாட்டு ஒன்று வெளியேறியது. நம் வீட்டுத் தொகைநூலைத் தொகுத்தவர் தந்தையார், தொகுப்பித்தவர் தாயார்!

பெரியோர்களே! அந்நாடா நம் வீட்டுக்குள் மட்டும் ஒலிக்கவில்லை. காலனி வீடுகளுக்கு இடையே ஒற்றைச் சுவர்தானே? அண்டை வீட்டார் கன்னடக் குடும்பத்தினர். நம் நாடாவில் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல்கள் ஒன்பது. காக்கிநாடாவில் பிறந்த அப்பெருமகனார், தமிழில் ஜெமினி கணேசனின் பாட்டுக்குரல்; கன்னடத்திலோ ராஜ்குமாரின் பாட்டுக்குரல். 1974இல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் ராஜ்குமார் தாமே பாடிப் புகழ்பெறும் வரையில், கன்னட மக்கள் தம் அன்புக்குரிய நாயகனின் பாட்டென்று பெரிதும் கேட்டது இந்தக் குரலைத்தான். ஆகையால் நம் வீட்டில் நாடா சுழலும்போது அண்டை வீட்டு அம்மையார் மொழி புரியாமலே குரலை அறிந்து கேட்பார்.

2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்ற செய்தி வந்தது. நவம்பர் 15ஆம் நாள் அவர் விடுவிக்கப்படும் வரை 108 நாட்கள்! அந்நாட்களில் இந்நகரத் தமிழர் எவ்வாறு மூச்சடக்கி வாழ்ந்தோம் என்பதை இங்குள்ள பெரியோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் தமிழில் உரக்கப் பேசத் தயங்கினோம். நம் வீட்டில் நாடா நின்றது. பெட்டிமேல் துணி போர்த்தப்பட்டது. எவரும் நம்மை நிறுத்தச் சொல்லவில்லை, நாமே நிறுத்தினோம். அச்சத்திற்குக் கட்டளை வேண்டுவதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் சென்றிருக்கும். ஒரு மாலை அண்டை வீட்டு அம்மையார் வாயிலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. ‘ஏன் பாட்டு வைப்பதில்லை? அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!’ என்று கன்னடத்தில் கேட்டார். தந்தையார் சிறிது நேரம் விடையின்றி நின்றார். பின்னர்த் துணியை நீக்கினார். அம்மையார் வாசற்படியிலேயே அமர்ந்து, தம் நாயகனை நினைத்துக் கண் துடைத்தார். நம் தாயார் அருகில் அமர்ந்தார். பாட்டு தமிழ், கண்ணீர் கன்னடம், குரல் இருவர்க்கும் பொது. அதன்பின் அந்த 108 நாட்களில் நம் வீட்டில் நாடா நிற்கவில்லை. இதைப் பெரிய வரலாறு என்று நாம் சொல்லவில்லை. ஒரு சுவரின் இருபுறமும் நிகழ்ந்தது இவ்வளவே. ஆனால் பெயர் உதிர்ந்த பாட்டுக்கு எவரும் உரியவராகலாம் என்று முன்னர்க் கூறினோமே, அதற்கு நாம் கண்ணால் கண்ட சான்று அது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பி. பி. ஸ்ரீநிவாஸ் மறைந்தார். மூன்றே நாட்களில், ஏப்ரல் 17ஆம் நாள், இராமமூர்த்தி மறைந்தார். அந்த வாரம் நம் வீட்டில் நாடா ஓயாது சுழன்றது. 2015 ஜூலை 14ஆம் நாள் விசுவநாதனும் மறைந்தார். மறு ஆண்டு நம் தந்தையாரும் மறைந்தார். தொகுப்பில் உள்ளோரும் தொகுத்தவரும் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றனர். நாடாவும் ஒருநாள் பெட்டிக்குள் சிக்கி அறுந்தது. ஒட்டிப் பார்த்தோம், ஒலி வந்தது, பாட்டு வரவில்லை.

‘அறுந்தால் என்ன? செல்பேசியில் அத்தனை பாட்டும் இருக்கின்றனவே!’ என்பீர்கள். உண்மை. இன்று உலகத்துப் பாட்டெல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அதனை இகழ்வோம் அல்லோம், நாமும் கேட்கிறோம். ஆயினும் ஒன்று எண்ணிப் பாருங்கள். 2017இல் சரிகம நிறுவனத்தார் பழைய வானொலிப் பெட்டியின் வடிவில் ‘காரவான்’ என்னும் கருவியை வெளியிட்டனர். 5000 பழம்பாடல்களை முன்னரே உள்ளே இட்டுக் கொடுத்தனர். தமிழ்ப் பாடல்களுக்கும் தனிப்பெட்டி பின்னர் வந்தது. எல்லாம் இலவசமாய்க் கிடைக்கும் காலத்தில் பணம் கொடுத்து அதனை ஏன் வாங்கினர்? தேட வேண்டாம், எவரோ தேர்ந்து வைத்திருக்கிறார் என்ற அமைதிக்காகவே வாங்கினர். எல்லாம் இருக்கும் இடத்தில் எதுவும் நம்முடையது அன்று. செல்பேசியும் அடுத்த பாட்டைத் தானே தேர்ந்து கொடுக்கிறது. அதுவும் ஒரு தொகுப்பாளரே. ஆனால் அது நம் தாயாரைக் கேட்டுத் தேர்வதில்லை.

இப்போது நம் வீட்டுக் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்லி முடிக்கிறோம். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தது. அலமாரியை ஒழுங்கு செய்தபோது, நம் மகள் ஒரு மஞ்சள் நிறத் தாளைக் கண்டெடுத்தாள். கழித்துப்போட்ட பார்சல் படிவத்தின் பின்புறத்தில் நீலமையால் எழுதிய பட்டியல் அது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கற்றாள். தமிழ் அங்கே இல்லை. வீட்டில் பேசுவாள், எழுத்து அறியாள். ‘இது என்ன, அப்பா?’ என்றாள். ‘உன் பாட்டனார் எழுதியது’ என்றோம். ‘படித்துக் காட்டுங்கள்’ என்றாள். படித்தோம். செல்பேசியில் அப்பாட்டைத் தேடி வைத்தோம். காது கேட்ட சொல்லைக் கண் தாளில் தேடிற்று. ‘பா’ என்னும் எழுத்தை முதலில் கண்டுகொண்டாள். பாலும் பழமும், பாவமன்னிப்பு, பாசமலர் என்று எங்கும் ‘பா’ இருந்ததல்லவா? நாளுக்கு ஒரு பாட்டு என்று இருபத்து நான்கு நாட்கள் சென்றன. அரிச்சுவடி வாங்கியது அதன் பின்னர்த்தான்.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறோம். சிவப்புக் கோட்டின் அருகே இருந்த கோணல் எழுத்தில் விரல் வைத்து, ‘இது பாட்டனார் எழுத்து இல்லையே?’ என்றாள். ‘அது பாட்டி எழுதியது, நீயே படி’ என்றோம். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘இ…து… இருக்…கட்டும்.’ அடுத்த அறையில் இருந்த நம் தாயார் அதைக் கேட்டு எழுந்து வந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதைப் பேத்தியின் வாயால் கேட்டார். அன்று அப்பாட்டை வைத்தோம். தாயார் அழவில்லை, மகள்தான் ஏனென்று அறியாமல் அழுதாள்.

அன்பர்களே! தொகுப்பின் மாண்பு யாது என்னும் வினாவுக்கு அந்தத் தாளில் உள்ள இரண்டு சொற்களே நம் விடை. வெள்ளம்போல் வருவனவற்றுள் ஒன்றைக் கையால் பற்றி, ‘இது இருக்கட்டும்’ என்று ஒருவர் சொல்கிறார். பூரிக்கோ சொன்னது அதுவே. காக்ஸ் டவுன் கார்டு ஞாயிறுதோறும் அத்தட்டையே எடுத்து வைத்துச் சொல்லாமல் சொன்னதும் அதுவே. ஒருவர் போற்றி வைத்ததை மற்றொருவர் பெற்றுக்கொள்கிறார். அதனால்தான் புதிய பாட்டு ஒன்றும் இல்லாத தொகுப்பு ஆண்டுகள் பல கடந்தும் வாழ்கிறது.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு இது வெறும் சுவை அன்று, தேவை. நம் பிள்ளைகள் நல்ல கன்னடம் கற்கிறார்கள், கற்க வேண்டும், இது நமக்குச் சோறிட்ட நாடு. அதனோடு தமிழும் அவர்கள் நாவிலும் கண்ணிலும் நிற்க வேண்டுமாயின், வீட்டில் தமிழ் எழுத்துள்ள ஒரு தாளாவது இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இந்த ஆண்டு பொங்கலுக்குள், ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் முதியோரும் கூடி அமர்ந்து, தமக்கு விருப்பமான இருபத்து நான்கு பாடல்களைத் தம் கையால் தமிழில் எழுதுங்கள். அச்சிட வேண்டாம், செல்பேசியில் தட்டவும் வேண்டாம், கையால் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். எதை நீக்குவது என்று சற்றே சண்டையும் இடுங்கள், அதுவும் நல்லதே. எழுதிய தாளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, அலமாரியில் வையுங்கள். யார் கையில் எப்போது அகப்படும் என்று நாம் அறியோம், அகப்படும்.